ஐம்பத்திரண்டு கிலோ துளசிமணி

ஜனவரி 2, செவ்வாய்

டம்ளர் மாமா,

உன் ஹோட்டலுக்கு வருசா வருசம் டைரி கொடுக்கும் மைதா ஏஜென்சிக்காரன் இந்த வருசமும் உன் பேர் போட்டு ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "சென்னியப்பன் மாஸ்டர் அவர்களுக்கு" என்று. நீ போய்ச் சேர்ந்தது அவனுக்குத் தெரியாது. முதலாளி அதை வாங்கி, நம்ம கீழ்வீட்டு ஆட்டோ ரபீக் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். காலியாகக் கிடப்பானேன் என்று நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். குத்தம் கண்டுபிடிக்காதே.

இன்னொன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டேன். இனிமேல் நீ, வா, போதான். சொல்லாமல் கொள்ளாமல் போனவனுக்கு இது போதும். டம்ளர் மாமா என்ற பேர் மட்டும் மாறாது. நான் குடிக்கிற தண்ணியைச் சின்ன டம்ளரில் அளந்து ஊற்றி, ஒரு மடக்குக் கூடக் கேட்டால் போலீஸ்காரன் மாதிரி நின்றாயே, அதுக்குக் கிடைத்த பேர்.

ஊரே என்ன நினைத்தது? ரெண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்கிற துளசிமணிதான் முதலில் போவாள் என்று. நானும் அப்படித்தான் நினைத்து, உனக்குப் பிடித்த சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது, கேஸ் புக் எங்கே என்று எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீ என்னடாவென்றால் கதவு மாதிரி நெஞ்சை வைத்துக்கொண்டு ஐப்பசியில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் விழுந்தாய். வரிசையில் எனக்கு முன்னால் புகுந்துவிட்டாய். ரேசன் கடையில் யாராவது இப்படிப் புகுந்தால் நான் விட்டிருப்பேனா?

இன்றைக்கு டயாலிசிஸ். முடிந்து எடை பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு. உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கோகிலவாணி இப்போதெல்லாம் எப்படி இருக்கே என்று கேட்பதில்லை, எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறாள். உன் காரியத்தன்றைக்கே சொல்லிவிட்டாள். "ஆக்கிப் போட அப்பா இல்ல. நீ சாப்பிடமாட்டே, எனக்குத் தெரியும். ஒரு கிலோ கொறைஞ்சாலும் கார் எடுத்துட்டு வந்து கரூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் பேச்சே கெடையாது."

கரூரில் எனக்கு என்ன இருக்கிறது? இங்கே ஆணியில் உன் சட்டை இருக்கிறது.

குறையவில்லையே. எப்போது பார்த்தாலும் அதே ஐம்பத்திரண்டு.

ஜனவரி 4, வியாழன்

டயாலிசிஸ். பக்கத்துக் கட்டில் அய்யாச்சாமி அண்ணனை உனக்குத் தெரியும், ரிட்டயர்டு கண்டக்டர். கால் ரெண்டும் புசுபுசுவென்று வீங்கி இருக்கிறது. இருந்தும் டீ கேட்கிறார். "அம்மிணி, மெஷின் இன்னிக்கு எனக்கு எத்தனை லிட்டர் உருவுச்சு தெரியுமா? ஒரு கொடம்! கார்ப்பரேசன்காரன் கேட்டா லாரி அனுப்பிருவான்."

நாளைக்கு மறந்துவிடும் என்பதால் இதை எழுதி வைக்கிறேன். நம்ம பேர் போட்ட அட்டையில் ட்ரை வெயிட் என்று ஒன்று குறித்திருக்கிறார்கள். தேங்கின தண்ணி எல்லாம் எடுத்த பிறகு உடம்பு இருக்க வேண்டிய எடை. போன வருசம் நீ கூட நிற்கும்போது குறித்தது. நான் எத்தனை கிலோ வந்தாலும் டெக்னீசியன் பெனிட்டா, ஐம்பத்திரண்டு வரும் வரைக்கும் உருவச் சொல்லி மெஷினுக்குக் கணக்குப் போட்டுவிடுவாள். வெளியே வரும்போது கரெக்டாக நிற்கும்.

நல்ல மெஷின். சொன்ன சொல் தவறுவதில்லை. உன்னை மாதிரி இல்லை.

ஜனவரி 5, வெள்ளி

அரிசீம்பருப்புச் சோறு ஆக்கினேன். நீ பண்ணுவது போலவே காயை நறுக்கி, வேக வைத்து, கிட்னிக்கு ஆகாதது போகட்டும் என்று அந்தத் தண்ணியைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி தாளித்தேன். உப்பு அரைச் சிட்டிகை. சாப்பிட்டேன்.

தெருவில் செவலை நாய் ஒன்று புதுசாக வந்திருக்கிறது. படிக்குக் கீழே நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது. எங்கள் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் இப்படித்தான் பார்ப்பான். அதே பேரை வைத்துவிட்டேன். மிச்சம் இருந்ததில் கொஞ்சம் போட்டேன்.

ஜனவரி 8, திங்கள்

ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இப்போது வருகிற துணி மகா மட்டம், துவைக்கத் துவைக்க விரிகிறது. இத்தனை வருசம் செக்கிங்கில் உட்கார்ந்து பிசிறு வெட்டினவள் சொல்கிறேன், நம்பு. எல்லா ரவிக்கையும் ஒரே சமயத்தில் எப்படி விரியும் என்று கேட்காதே. எல்லாம் ஒரே கடையில் எடுத்தது.

ரெண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொண்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

ஐம்பத்திரண்டு. சொல்லியாச்சு.

ஜனவரி 11, வியாழன்

உன் தலகாணி சும்மாதானே கிடக்கிறது என்று என் தலகாணிக்கு மேலே போட்டுக்கொண்டேன். உயரமாக இருந்தால் சுகமாகத்தான் இருக்கிறது. மட்டமாகப் படுத்தால் நெஞ்சில் கனமாக ஏதோ உட்காருகிறது. நீதான் என்று நினைத்தேன். தூக்கத்தில் கையைத் தூக்கி என் மேல் போடுவாயே, மாவு பிசைந்த கை, அதே கனம். சரி, இருந்துவிட்டுப் போ என்று விட்டேன். ஆனால் மூச்சு விட இடம் கொடுக்க வேண்டாமா? மேலே போர்வையை மடித்து வைத்ததும் தள்ளிப் படுத்துக்கொண்டாய்.

ஜனவரி 12, வெள்ளி

நம்ம மாடிப் படியை எந்த மேஸ்திரி கட்டினானோ, ஒவ்வொரு படியும் இத்தனை உசரம். இவ்வளவு காலம் ஏறி இறங்கியிருக்கிறேன், கவனிக்கவே இல்லை பார். நடுவில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் மேலே வருகிறேன். ரபீக் வீட்டுக்காரி, "ஏன்க்கா இங்கயே உக்காந்துட்டீங்க?" என்றாள். காற்று வாங்குகிறேன் என்றேன். அது பொய்யும் இல்லை.

பச்சைப்பயறு கடைந்தேன். நன்றாக வந்தது. சூப்பர்வைசர் வழித்து நக்கிவிட்டது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நமக்கு இந்த வருசம் கிடையாது. தெருவே பொங்குகிறது. ரபீக் வீட்டுக்காரி ஒரு துண்டுக் கரும்பு கொடுத்தாள். எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியாது. போன வருசம், துளசிக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் என்று நீ பெருமையாக ஒதுக்கினாய். ஹோட்டலில் ஒரு முழுக் கரும்பைத் தின்றாயாம். உன் முதலாளி பதினாறாம் நாள் காரியத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஜனவரி 17, புதன்

கோகிலா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னம்மா மூஞ்சி இப்பிடி ஒட்டிப் போச்சு?"

"வயசானா ஒட்டத்தான் செய்யும். மூஞ்சி என்ன பூரியா, உப்பிட்டே இருக்க?"

"சாப்பிடறியா இல்லியா, நெசத்தச் சொல்லு."

"நேத்து எத்தன கிலோன்னு சொன்னேன்?"

"அம்பத்திரண்டு."

"அப்பறம் என்ன? மெஷின் பொய் சொல்ல அதென்ன உன்ர மாமியாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் உன் பல் வரிசை. பிறகு எட்டிப் பார்த்து, "யாரும்மா இந்த நாயி? மாசமா இருக்குதா, இப்பிடி வவுறு வச்சிருக்குது?" என்றாள்.

"அது ஆம்பள நாயி கண்ணு."

ஒரு நிமிசம் நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போகும்போது, "ஒரு கிலோ. ஞாபகம் வச்சுக்கோ" என்றாள்.

ஜனவரி 20, சனி

இன்றைக்கு ஒரு கூத்து நடந்தது.

புதுசாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறாள். நஸ்ரின் என்று பேர், வாணியம்பாடிப் பக்கம். சின்ன டிவி பொருத்தின மெஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாக வந்தாள். "நுரையீரல்ல தண்ணி நிக்குதான்னு எல்லாருக்கும் ஸ்கேன் பார்க்கிறோம். வலிக்காது" என்றாள்.

முதலில் அய்யாச்சாமி அண்ணன். அந்த வீங்கின காலைப் பார்த்ததும் அவர் நெஞ்சில் குளமே இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. படத்தில் குறுக்குக் கோடு மட்டும், ஒன்றுக்குக் கீழே ஒன்று, மடித்து வைத்த வேட்டிக் கரை மாதிரி. "உங்க நுரையீரல் சுத்தமா இருக்குங்கய்யா. கால் வீக்கம் ரத்தக் குழாய்க் கோளாறு, அதைத் தனியாப் பார்க்கணும்" என்றாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா அம்மிணி? என்ர நெஞ்சு காலி பஸ்ஸு! யாரு வேண்ணாலும் ஏறலாம்!"

அடுத்தது நான். எனக்கு மெஷின் முடிந்து, எடை ஐம்பத்திரண்டு பார்த்தாகிவிட்டது. கால் வீக்கம் கிடையாது. நமக்கென்ன பயம் என்று ஜம்மென்று படுத்தேன். சில்லென்று ஒரு பசையைத் தடவி, விலா எலும்புக்கு நடுவில் ஒரு கட்டையை வைத்து நகர்த்தினாள். கோகிலா வயிற்றில் இருந்தபோது பார்த்த ஸ்கேன்தான் ஞாபகம் வந்தது.

"அம்மிணி, பையனா பொண்ணா?" என்றார் அண்ணன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்ணா. சட்டப்படி குத்தம்னு போர்டு வச்சிருக்குது" என்றேன். வார்டே சிரித்தது.

டிவியைத் திரும்பிப் பார்த்தேன். என் படத்தில் குறுக்குக் கோடு இல்லை. மேலேயிருந்து கீழே நீட்ட நீட்டமாக வெள்ளை வெள்ளையாகத் தொங்குகிறது. மூச்சு இழுத்தால் அதுவும் சேர்ந்து ஆடுகிறது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"டாக்டர், பிசிறு தொங்குதுங்க! வெட்டாமயே பேக்கிங் அனுப்பிட்டாங்களாட்ட இருக்குது."

பனியனில் தொங்குகிற நூல் என்று பெனிட்டா விளக்கினாள். டாக்டரம்மா நன்றாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டையை அடுத்த இடத்தில் வைத்தாள், எண்ணினாள். அடுத்த இடம், எண்ணினாள். முதுகுப் பக்கம் போவதற்குள் சிரிப்புப் போய்விட்டது.

"அம்மா, இந்தப் பிசிறு ஒவ்வொண்ணும் தண்ணிம்மா. நுரையீரல்ல காத்து மட்டும் இருந்தா அய்யாவுக்கு வந்த மாதிரி வரும். தண்ணி ஊறி நின்னா இப்படித் தொங்கும்."

"இப்பத்தானுங்களே எடுத்தீங்க? எடை சரியா இருக்குதுங்களே."

"அதான் எனக்கும் புரியலை. மட்டமாப் படுத்தா மூச்சு முட்டுதா?"

"இல்லீங்க."

"எத்தனை தலகாணி?"

"ரெண்டு. ஒண்ணு எங்க வூட்டுக்காரரோடது, அது கணக்கில வராதுங்க. அப்பறம் ஒரு போர்வை."

"மாடிப்படி ஏற முடியுதா?"

"அது மேஸ்திரி தப்புங்க."

அவள் என் ரவிக்கையில் ஊக்குக் குத்தின இடத்தை விரலால் தொட்டாள். மறுபக்கத்து ஊக்கையும் தொட்டாள். "இந்த அம்பத்திரண்டு எப்பக் குறிச்சது?"

"போன வருசம். அவரு இருக்கும்போது."

அவரு என்றால் யார் என்று முகத்தைப் பார்த்தாள். நான் ஊக்கைச் சரி பண்ண ஆரம்பித்தேன். அய்யாச்சாமி அண்ணன்தான் சொன்னார். "இந்தம்மிணி வூட்டுக்காரருங்க டாக்டர். ஐப்பசில தவறிட்டாரு. அவருதான் ஆக்கிப் போடுவாரு."

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். ஐப்பசியிலிருந்து என் உடம்பில் சதை கரைந்திருக்கிறதாம், நாலு கிலோ போல. அது தெரியாமல் இவர்கள் அதே பழைய எடை வரைக்கும் தண்ணியை எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்களாம். சதை போன இடத்தில் தண்ணி வந்து உட்கார்ந்துகொண்டது. தராசுக்கு ரெண்டும் ஒன்றுதானே.

அட! இந்த வித்தை எனக்குத் தெரியாதா? பஞ்சுப் பேல் மூட்டைக்குள் தண்ணி தெளித்து எடை காட்டுகிறவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். நானே அப்படி ஒரு பேல் ஆகிவிட்டேன் மாமா.

"நேத்து என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"தட்டப்பயிறுக் கொழம்பு, சோறு, முட்டைகோஸ் பொரியல், ராத்திரிக்குச் சந்தகை."

"கல்யாணப் பந்தியாட்டல்ல இருக்குது" என்றார் அண்ணன்.

"ஆக்கினது சரி. அதுல எத்தனை வாய் நீங்க சாப்பிட்டீங்க?"

நான் மெஷின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஒயர் ஒன்று, நீல ஒயர் ஒன்று.

ட்ரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகப் போகிறார்களாம். இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தத் தண்ணியே மூச்சை நிறுத்திவிடும் என்றாள். "சரிங்க டாக்டர், எடுங்க. அட்டையில மட்டும் அம்பத்திரண்டுன்னே இருக்கட்டும். என்ர பொண்ணுக்குச் சொல்லணும்" என்றேன்.

"அட்டையில அம்பத்திரண்டு இருந்தா மெஷினும் அங்கயே நின்னுரும்மா."

வரும்போது அண்ணன் விசில் அடித்தார். "வெசனப்படாத அம்மிணி. உன்ரது தீபாவளி பஸ்ஸு. எறக்கி விட்டாச் சரியாப் போயிரும்."

ஜனவரி 23, செவ்வாய்

புது எடை அரைக் கிலோ கம்மி. கடைசி நேரத்தில் கெண்டைக்கால் இழுக்கிறது, நிறுத்து என்று கத்தினேன். இழுத்தது கொஞ்சம். கத்தினது கொஞ்சம் கூட. பெனிட்டா நிறுத்திவிட்டாள்.

கோகிலாவுக்கு ஐம்பத்திரண்டு என்று சொன்னேன்.

ஜனவரி 25, வியாழன்

பெனிட்டா கேட்டாள். "ஏன்க்கா இப்பிடிப் பண்றீங்க? வந்து உக்காந்தாப் போதுமா, முழுசா முடிக்க வேண்டாமா?" இன்றைக்கும் பாதியில் எழுந்துவிட்டேன்.

போனில் ஐம்பத்திரண்டு. பொய் சொல்லும்போது குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது தெரியுமா?

ஜனவரி 27, சனி

டாக்டரம்மா மறுபடி ஸ்கேன் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மகள் நம்பர் குடுங்கம்மா" என்றாள். போன் வீட்டில் இருக்கிறது, மனப்பாடம் இல்லை என்றேன். மடியில் போன் அடித்தது.

நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து ஒரு ஆளுக்கு வாந்தி. அவள் அங்கே ஓடினாள், நான் வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், ஆட்டோவில்.

ஜனவரி 29, திங்கள்

படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேஸ்திரி மேல் தப்பில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

உயிரோடுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டில். வெளியே கோகிலா டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தேன். பாதிப் படியில் மூச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் போகட்டும் என்று உட்கார்ந்து, கடைச் செலவு எழுதக் கொண்டுபோன இந்த டைரியில் ரெண்டு வரி எழுதினேன். பிறகு பேனாவும் பிடிக்க முடியவில்லை. தண்ணிக்குள் அமுக்குகிற மாதிரி. வாயைத் திறந்தால் காற்று உள்ளே போகவில்லை, கொழகொழவென்று சத்தம்தான் வருகிறது.

நீ இல்லாமல் இருந்து என்ன, உன்னிடமே வந்துவிட்டால் தேவலை என்று இத்தனை நாளும் மனசுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். நான் எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் வந்ததும் நீ கண் முன்னால் வந்து நிற்பாய், கூப்பிடுவாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் ஞாபகமே வரவில்லை மாமா. கோபித்துக்கொள்ளாதே. உன் முகம் வரவில்லை, சாமி பேர் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. காத்து, காத்து, காத்து, அது ஒன்றுதான். கடைக்குக் கொண்டுபோன எண்ணெய்த் தூக்குப்போசியை எடுத்துப் படியில் டங்கு டங்கென்று அடித்திருக்கிறேன். ரபீக் தம்பி சோற்றுக் கையோடு ஓடி வந்து என்னைத் தூக்கினான். அவன் சட்டையை நான் கிழித்துவிட்டேனாம். அந்தப் பிடி.

சாக வேண்டும் என்று நினைக்கிறவள் அப்படியா பிடிப்பாள்?

மூக்கில் காற்று வைத்து, ராத்திரியோடு மெஷினில் போட்டு, நேற்றும் போட்டு, இன்றைக்கும் போட்டு உருவியிருக்கிறார்கள். அய்யாச்சாமி அண்ணன் அவர் முறைக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார். ஒரு பகடியும் பேசவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

கோகிலா காரோடு வந்திருக்கிறாள். சொன்ன மாதிரியே.

"எத்தன நாளா அம்பத்திரண்டுன்னு என்னை ஏமாத்துன?"

"ரெண்டு மூணு தடவதான் பொய். அதுக்கு முன்னால நெசமா அம்பத்திரண்டுதான் கண்ணு. எனக்கே தெரியாது."

"தெரியாதா? அந்த நாயி வவுத்தப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மெஷின் சொல்லுது மெஷின் சொல்லுதுன்னு நானும் நம்பிட்டேன் பாரு." தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அப்பாவுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்ல நேரம் கெடைக்கல. நீயும் என்கிட்டச் சொல்லாமப் போயிருவியா?"

மாமா, அவளுக்கும் நீ போனாய் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

டாக்டரம்மா அவளுக்கு என் படத்தைக் காட்டினாள். திங்கட்கிழமைப் படம், பிசிறு அத்தனை, திரையே வெள்ளை. இன்றைக்கு எடுத்த படம், பாதி வெட்டியாச்சு. கோகிலா ரொம்ப நேரம் ரெண்டையும் பார்த்தாள். நான் கேட்டேன், "ஒரு மாசம் டயம் குடு. பிசிறு இல்லாம ஆக்கிக் காட்டறேன். ஆகலேன்னா நானே துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டுக் காருக்குக் காத்திருக்கறேன்."

"எடை சொன்னா இனி நம்பமாட்டேன்."

"சொல்லல."

"சாப்பிடறப்ப வீடியோ போடணும். வாயில போடறதக் காட்டணும். முழுங்கறதையும் காட்டணும்."

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் பழைய மாதிரி என்னைத் திட்டணும்" என்றாள். நான் எங்கே திட்டினேன்?

பிப்ரவரி 9, வெள்ளி

வீடியோ. சோறு தொண்டையில் நிற்கிறது. நீ போனதிலிருந்தே அப்படித்தான். நெஞ்சுக்குழி வரை போய்த் திரும்பப் பார்க்கிறது. அந்தப் பக்கம் மகள் அவள் தட்டோடு உட்கார்ந்து, "நானும் முழுங்கறேன், நீயும் முழுங்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மருந்து கொடுக்க நாம் போட்ட நாடகம்.

டாக்டரம்மா முட்டை வெள்ளைக்கரு தினமும் தின்னச் சொன்னாள். வெள்ளை எனக்கு, மஞ்சள் சூப்பர்வைசருக்கு. அது முகத்தில் திருப்தி இல்லை. முழுசு வாங்கிப் பழகினவன்.

பிப்ரவரி 15, வியாழன்

மெஷினில் முழு நேரமும் படுத்தேன். நிஜமாகவே கால் இழுத்தது. கத்தவில்லை. பெனிட்டா வந்து பாதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கத்துங்கக்கா, பரவால்ல. நிறுத்த மட்டும் சொல்லாதீங்க" என்றாள். கத்தினேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து, "அம்மிணி, இது எக்ஸ்பிரஸ். நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது" என்று குரல் வந்தது. அண்ணன் பழையபடி பகடிக்குத் திரும்பிவிட்டார்.

பிப்ரவரி 24, சனி

ட்ரை வெயிட் நாற்பத்தெட்டு. எழுதும்போதே கேவலமாக இருக்கிறது, ஒரு மூட்டை அரிசி கூட இல்லை நான். ஆனால் ஸ்கேனில் இங்கொன்று அங்கொன்றுதான் பிசிறு. நான் செக்கிங்கில் இருந்தால் இந்தப் பீஸைப் பாஸ் பண்ணியிருப்பேன்.

படி பழையபடி சின்னதாகிவிட்டது.

மார்ச் 2, சனி

ஒரு தலகாணியோடு படுத்தேன். உன் தலகாணியைப் பக்கத்தில் உன் இடத்திலேயே திருப்பிப் போட்டேன். தூங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும்தான் தெரிந்தது, நெஞ்சில் அந்தக் கனம் இல்லை. கை இல்லை. தண்ணிதான் அது, நீ இல்லை என்று தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் படுத்திருந்தேன்.

கெடு முடிந்தது. கோகிலா கார் எடுத்துக்கொண்டு வரவில்லை. பஸ்ஸில் வந்தாள், ஒரு கட்டைப்பை நிறைய ரவிக்கைத் துணியோடு. "அளவு எடுக்கத் தைரியம் இருந்தா எடு" என்றாள்.

மார்ச் 19, செவ்வாய்

சாப்பிட்டேன். இந்தத் தடவை நிஜம். கோகிலா வீடியோவில் தூங்கிவிட்டாள், நான் தனியாகவே முழுங்கினேன்.

சூப்பர்வைசர் இளைத்துவிட்டது. அடுத்த தெருவில் வேறு வேலை பார்த்துக்கொண்டது என்று கேள்வி.

ஏப்ரல் 13, சனி

ஒரு வாரமாக மெஷின் முடியும் நேரம் எனக்குத் தலை சுற்றுகிறது, கால் இழுக்கிறது, பிரசர் இறங்கிவிடுகிறது. மறுபடியும் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து போயிருந்தேன். டாக்டரம்மா ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பசை தடவினாள். வைத்தாள், நகர்த்தினாள், வைத்தாள். நானும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணுகூட இல்லம்மா!"

குறுக்குக் கோடு மட்டும். பளிச்சென்று, வேட்டிக் கரை.

"அப்பறம் ஏனுங்க எனக்கு இப்பிடி ஆகுது?"

"எடுக்கிறதுக்கு உள்ள தண்ணியே இல்ல. நாங்க இன்னும் நாப்பத்தெட்டு, நாப்பத்தெட்டுன்னு உருவிட்டு இருக்கோம். உங்களுக்குச் சதை வந்திருக்கும்மா." அட்டையை வாங்கி நாற்பத்தெட்டை அடித்துவிட்டு நாற்பத்தெட்டரை என்று எழுதினாள். "இது தண்ணி இல்ல. இது நீங்க."

அய்யாச்சாமி அண்ணன் கையைத் தட்டினார். "அரைக் கிலோவுக்கு அரை டிக்கெட்டு அம்மிணி, நானே போட்டுர்றேன்." நான் அழுதுவிட்டேன். எல்லாரும் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கி, அமுக்கி, தேடினேன். எங்கே வந்திருக்கிறது என்று தெரியவில்லை. தோளிலா, கன்னத்திலா? மாமா, இந்த உடம்பில் இருந்த சதை எல்லாம் நீ ஆக்கிப் போட்டு வந்தது. போனதும் அதுதான். இப்போது வந்திருக்கிற இந்த அரைக் கிலோ நான் ஆக்கி, நான் தின்று, உனக்கு அப்புறம் வந்தது. உன் கை பட்ட சோறு ஒரு பருக்கை கூட இதில் கிடையாது. இன்னும் ஏறும் என்கிறாள் டாக்டரம்மா.

ஒரு நாள் நான் அங்கே வரத்தான் போகிறேன். அவசரமில்லை, என் முறை வரும்போது வருகிறேன். வரும்போது இந்தச் சதையும் கூடவே வரும். அதைப் பார்த்து நீ சந்தோசப்படுவாயா, இல்லை, நான் இல்லாமலேயே தேறிவிட்டாளே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாயா?